முனியாயியை எலி கடிக்காத விவகாரம்

எலியைத் தூக்குவது லேசான காரியம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் எங்கள் நிலையத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகலாம். அதற்கென்று இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் கையேடு போட்டிருக்கிறோம். எலியை விடக் கையேடு கனம் அதிகம். முதல் வாரம் கையேட்டைத் தூக்கிப் பழகிவிட்டால் இரண்டாவது வாரம் எலி பஞ்சாகத்தான் தெரியும்.

நிலையத்தின் முழுப் பெயர், மலைப்பகுதி நல இயக்ககத்தின் ஆய்வக விலங்குப் பராமரிப்புப் பணியாளர் செய்முறைப் பயிற்சி நிலையம். கொடைக்கானலிலிருந்து பேத்துப்பாறைக்குப் போகிற பாதையில் இருக்கிறது. பெயர்ப் பலகையில் இடம் போதாமல் 'நிலையம்' என்கிற கடைசிச் சொல்லைத் தனிப் பலகையில் எழுதிப் பக்கத்து யூக்கலிப்டஸ் மரத்தில் அடித்திருக்கிறார்கள். பஸ் கண்டக்டர்களுக்கு இந்தச் சிரமம் எதுவும் இல்லை. "எலியாபீஸ் எல்லாம் எறங்கு" என்பார்கள். நாங்களும் மறுபேச்சில்லாமல் இறங்கிவிடுவோம்.

என் பெயர் குழந்தைவேல். நான் இங்கே எழுத்தர். இந்த விவகாரத்தில் போன கடிதம், வந்த கடிதம் எல்லாவற்றையும் எழுதியவன் நான்தான் என்பதால் நடந்ததைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது. வெட்கப்படும் தகுதியும் கொஞ்சம் இருக்கிறது.

மருந்துக் கம்பெனிகளும் மருத்துவக் கல்லூரிகளும் ஆராய்ச்சிக்காக எலி, முயல், கினிப்பன்றி எல்லாம் வளர்க்கின்றன. அவற்றுக்குத் தீனி வைக்க, தண்ணீர் மாற்ற, கூண்டு கழுவ, உடம்புக்கு முடியவில்லையென்றால் பார்த்தவுடன் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். கண்ட ஆளையும் உள்ளே விடக் கூடாது என்பது விதி. ஆகவே பன்னிரண்டு வாரப் பயிற்சி, முடிவில் சான்றிதழ். சான்றிதழ் இல்லாதவர் தன் வீட்டுக்குள் வரும் எலியை விளக்குமாற்றால் அடித்துக்கொள்ளலாம். அதற்குத் தடை எதுவும் இல்லை.

எலி இருக்கும் அறையில் வெப்பம் இருபத்திரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. அதற்காக அறைக்கு நான்கு ஹீட்டர். பயிற்சிக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதியில் டிசம்பர் மாதம் வாளித் தண்ணீரில் கையை விட்டு எடுத்தால் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். விடுதிக்கும் ஒரு ஹீட்டர் கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன். "பயிற்சி மாணவர்கள் கையேட்டில் விலங்காக வரையறுக்கப்படவில்லை, எனவே கோரிக்கை பரிசீலிக்கத்தக்கதல்ல" என்று பதில் வந்தது. அன்று முதல் எலி அறைக் காவலுக்கு எங்களுக்கு ஆள் தட்டுப்பாடு வந்ததே கிடையாது.

இனி முனியாயி. வடகவுஞ்சிக்குக் கீழே காட்டோரக் குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். ஆறு வருடமாக இங்கே தினக்கூலி. சம்பளப் பட்டியலில் 'தரை பெருக்குபவர்' என்று இருக்கும். தரையையும் பெருக்குவார். மற்றபடி எலி அறை, முயல் அறை, குட்டி போட்டிருக்கிறதா, வயிறு கழிகிறதா, தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் அவர்தான். இதற்கு முன் படித்துப் போன மூன்று பிரிவு மாணவர்களுக்கும் எலி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அவர். கற்றுக்கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டது இயக்குநர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மூன்று மாதம் கழித்து வரும் ஒன்றாம் தேதி முதல் சான்றிதழ் இல்லாத எவரும் விலங்கு அறைக்குள் நுழையக் கூடாது. அதாவது முனியாயி நுழையக் கூடாது. ஊழியர்களில் வேறு யாரும் அங்கே நுழைகிற வழக்கமே இல்லை. இயக்குநர் டாக்டர் சேனாதிபதி இளகிய மனம் படைத்தவர். ஆறு வருடமாக முனியாயி செய்துவந்த வேலையைக் கற்றுக்கொள்ள முனியாயிக்கே ஒரு வாய்ப்புத் தந்து, நான்காவது பிரிவில் பதின்மூன்றாவது மாணவியாகச் சேர்த்துக்கொண்டார். பத்தாம் வகுப்பு தேறியிருந்ததால் தடை எதுவும் வரவில்லை.

முதல் நாள் செய்முறை வகுப்பில் கன்னிவாடியிலிருந்து வந்த சிவமுருகன் என்கிற பட்டதாரி இளைஞன் எலியின் வாலைப் பிடித்துத் தூக்கினான். எலி வளைந்து அவன் கட்டைவிரலில் ஒரு போடு போட்டது.

"அக்கா, கடிச்சிருச்சுக்கா."

"வாலப் புடிச்சுத் தொங்கவிட்டா அது கொஞ்சவா செய்யும் தம்பி? மொதல்ல கைய வெந்நில நனைச்சுத் தொடைங்க. சில்லுனு தொட்டா அது பயந்துக்கும். அப்பறம் வயித்துக்கு அடியில கையக் குடுங்க, மேல இன்னொரு கைய மூடுனாப்புல வைங்க. அந்த சென்ட்ட நாளைக்கிப் போட்டுட்டு வராதீங்க."

"சென்ட் இல்லாம எப்பிடிக்கா வெளிய வர்றது?"

"அப்ப கடிபடுங்க."

அவன் சென்ட்டை விடவில்லை. எலியும் அவனை விடவில்லை. பத்து வாரத்தில் பதினோரு கடி வாங்கினான். வகுப்பில் அவன்தான் முதல் மாணவன். எப்படியென்று சொல்கிறேன்.

எங்கள் பயிற்சி செய்முறைப் பயிற்சி. அதில் நாங்கள் கறாராக இருப்போம். காதால் கேட்டது செல்லாது, படித்தது செல்லாது, பக்கத்தில் நின்று பார்த்ததும் செல்லாது. தானே செய்து, தன் உடம்பால் அனுபவித்து, பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேட்டில் பதினான்கு அலகு. ஏழாவது அலகின் தலைப்பு, 'விலங்குக் கடி: முதலுதவியும் அறிக்கையும்'. கடித்த விலங்கின் எண், கடிபட்ட விரல், இரத்தம் வந்ததா, எத்தனை நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவினீர், இதிலிருந்து கற்ற பாடம் என்ன என்று ஐந்து கட்டம். சிவமுருகன் பதினோரு முறை நிரப்பியிருந்தான். கற்ற பாடம் என்ற கட்டத்தில் பதினோரு முறையும் 'கவனமாக இருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தான். மற்ற பதினோரு பேரும் ஆளுக்கு இரண்டு மூன்று தேற்றியிருந்தார்கள்.

பத்தாவது வாரம் இயக்குநர் பதிவேடுகளைப் புரட்டினார். அவர் எலியைத் தொட்டதில்லை; நிர்வாகத்தில் இருப்பவர் தொட்டால் ஒரு எலி மீது பற்று, இன்னொரு எலி மீது வெறுப்பு என்று வந்துவிடும் என்பார். ஆனால் பதிவேட்டை விடமாட்டார். முனியாயியைக் கூப்பிட்டார்.

"அலகு ஏழு காலியா இருக்கேம்மா."

"ஆமாங்கய்யா. கடிக்கலைங்க."

"எது கடிக்கல?"

"எதுவுமே கடிக்கலைங்க."

"முயல்?"

"இல்லைங்க."

"கினிப்பன்றி?"

"அது பாவங்க, வாயத் தொறந்தா தீனிக்கு மட்டுந்தான்."

"அப்ப இந்தப் பத்து வாரமா என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

"கடிபடாமப் பாத்துக்கிட்டிருந்தேங்கய்யா."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் எனக்கு வேலை வருகிறது என்று அர்த்தம். "குழந்தைவேல், ஒரு குறிப்பாணை போடுங்க" என்றார்.

போட்டேன். 'தாங்கள் பயிற்சிக் காலத்தில் எந்த ஒரு விலங்காலும் கடிக்கப்படாமல் இருந்தது ஏன் என்பதற்கும், இந்தத் திட்டமிட்ட தவிர்ப்பின் காரணமாகத் தங்களுக்குச் சான்றிதழ் ஏன் மறுக்கப்படக் கூடாது என்பதற்கும் ஏழு தினங்களுக்குள் எழுத்துமூலமாக விளக்கம் அளிக்குமாறு இதன்மூலம் பணிக்கப்படுகிறீர்கள்.' முனியாயி அதைக் கையில் வாங்கிப் படித்தார். பிறகு அதே மேஜையில் அதே என்னிடம் கொடுத்து, இதற்கு என்ன எழுதுவது என்று கேட்டார். பதிலையும் நானே எழுதினேன். 'விலங்குகளின் ஒத்துழைப்பின்மையே காரணம் என்பதையும், இதில் எனக்கு உள்நோக்கம் ஏதுமில்லை என்பதையும் பணிந்து தெரிவித்துக்கொள்கிறேன்.' இரண்டு கடிதத்திலும் நடை நன்றாக வந்திருப்பதாக இயக்குநர் பாராட்டினார். பதிலை ஏற்கவில்லை. முப்பத்தொன்றாம் தேதிக்குள் கடிபட்டாக வேண்டும் என்று உத்தரவானது.

கெடு நெருங்க நெருங்க எனக்கே மனசு கேட்கவில்லை. "ஒரு ஊக்க எடுத்து விரல்ல குத்திட்டு எலின்னு எழுதிரலாமா?" என்று தனியாகக் கேட்டேன்.

"எந்த எலின்னு நம்பர் கேக்குமே சார். கடிக்காதத எப்பிடிக் கடிச்சுச்சுன்னு எழுதுறது? அது பேருல பழியப் போட்டா, கடிக்கிற எலின்னு சொல்லி ஒதுக்கிருவாக."

அது உண்மை. மூன்று முறை கடித்ததாகப் பதிவான எலியை ஒதுக்கிவிடுவோம். ஒதுக்கிய பிறகு அது திரும்பி வருவதில்லை.

இயக்குநர் நேரடி முயற்சிக்கு ஏற்பாடு செய்தார். ஒரு காலை வேளையில் அலுவலகம் முழுக்க எலி அறைக் கண்ணாடிக்கு வெளியே கூடியது. முனியாயி கூண்டுக்குள் விரலை நீட்டினார். எலி முகர்ந்து பார்த்தது. நக்கியது. பிறகு மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் ஏறிச் சுருண்டு தூங்கிவிட்டது.

"கொஞ்சம் வாலைப் பிடிச்சு இழுத்துத்தான் பாருங்களேம்மா" என்றார் இயக்குநர்.

"முதுகுத்தண்டு வலிக்குங்கய்யா அதுக்கு. பொஸ்தகத்துல மூணாம் பாடத்துலயே கூடாதுன்னு போட்டிருக்கு."

கையேட்டைக் கொண்டுவரச் செய்து பார்த்தார். போட்டிருந்தது. அடிக்கோடும் இட்டிருந்தது. விலங்குக்கு எவ்வித அவஸ்தையும் தரக் கூடாது என்கிறது அலகு மூன்று. விலங்கிடம் கடிபட வேண்டும் என்கிறது அலகு ஏழு. இரண்டையும் சேர்த்துப் படித்தால், எலி முழு மன நிறைவோடும் சுய விருப்பத்தின் பேரிலும் கடிக்க வேண்டும் என்று ஆகிறது. அப்போது உதவி செய்யலாமே என்று சிவமுருகன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். எலி விழித்து, சட்டையிலிருந்து இறங்கி, அவனைக் கடித்துவிட்டு, திரும்ப ஏறிப் படுத்துக்கொண்டது.

"சார், எனக்குப் பன்னெண்டு ஆயிருச்சு" என்றான் விரலைப் பிடித்துக்கொண்டு. "அக்கா பேருக்கு ரெண்டு மாத்தி விட்டுரலாமா?"

இயக்குநர் இதை இரண்டு நாள் தீவிரமாக ஆலோசித்தார். விடுப்பை மாற்ற முடியாது, ஓய்வூதியத்தை மாற்ற முடியாது, ஆகவே கடியையும் மாற்ற முடியாது என்று முடிவு செய்தார்.

எஞ்சியது நெறிமுறைக் குழு. எலியை வைத்து எதைச் செய்வதானாலும் அந்தக் குழுவின் அனுமதி வேண்டும். குழுவில் பொதுமக்கள் பிரதிநிதியாக இருப்பவர் தாரணி. வில்பட்டிப் பக்கம் மௌன முகாம் நடத்துகிறார். சென்னையிலும் பெங்களூரிலும் சத்தத்தோடு சம்பாதிக்கிறவர்கள் இங்கே வந்து கட்டணம் கட்டிச் சும்மா இருந்துவிட்டுப் போவார்கள். மௌனத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. கம்பளிச் சால்வையும் மரப் பாசிமணி மாலையுமாக வந்து உட்கார்ந்து ஒரு எலியைச் சீண்டி ஒருமுறை கடிக்கவைக்க அனுமதி கேட்ட எங்கள் விண்ணப்பத்தை வாசித்தார்.

"ஒரே ஒரு எலி, ஒரே ஒரு கடியா? புள்ளிவிவரப்படி அது செல்லாதே" என்றார் இன்னொரு உறுப்பினர். "குறைஞ்சது ஆறு எலி, ஆளுக்கு மூணு கடி வேணும்."

"பதினெட்டா?" என்றார் முனியாயி வாசலில் நின்றபடி.

"பேசக் கூடாதும்மா. நீங்க இதுல ஒரு தரப்பு."

தாரணி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திறந்தபோது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "எலிய ஏன் தொந்தரவு பண்ணணும்? முடிஞ்ச இடத்துல எல்லாம் விலங்குக்கு மாற்று தேடணும், அதுதானே நம்ம முதல் கொள்கை. எலி இல்லாமலே இந்தக் கடிய வாங்க முடியுமான்னு யாராவது யோசிச்சீங்களா? மனுஷங்களும் பாலூட்டிதான். நமக்கும் பல் இருக்கு."

 ஒரு உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எலிகளின் சார்பில் நன்றி தெரிவித்துத் தீர்மானம் நிறைவேறியது. முனியாயியை ஒரு மனிதர் கடிக்க வேண்டும்.

யார் கடிப்பது என்பதில் சிக்கல் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். விதிகளைப் பார்த்தால் ஒருவரைத் தவிர யாருக்கும் தகுதி இல்லை. கடிப்பவர் கடிபடுகிறவரை விடப் பதவியில் உயர்ந்தவராக இருக்க வேண்டும். எந்த அலுவலகத்திலும் அதுதான் நடைமுறை என்பதால் அதற்குப் புது ஆணை தேவைப்படவில்லை. பெண்ணைப் பெண்தான் கடிக்கலாம். சொந்தப் பல்லாக இருக்க வேண்டும். கட்டிய பல்லால் கடித்தால் அது கருவியால் ஏற்பட்ட காயம் என்று ஆகி வேறு பிரிவுக்குப் போய்விடும். இந்த மூன்றும் பொருந்தியவர் கண்காணிப்பாளர் அழகம்மாள் ஒருவர்தான். தவிர அவருக்கு இயற்கையிலேயே அந்தச் சுபாவம் உண்டு என்பது அலுவலகத்தின் ஒருமித்த கருத்து. அவர் அறைக்குள் கோப்பு கொண்டுபோகிறவர்கள் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். நானும் பூசியிருக்கிறேன்.

உத்தரவை வாங்கிப் படித்தவர், "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல ஒரு பயலும் எனக்கு உருப்படியா ஒரு சோலி குடுத்ததில்ல. இதாவது குடுத்தீங்களே" என்றார். அது கோபமா திருப்தியா என்று தெரியவில்லை.

முந்தின நாள் முனியாயி என் மேஜைக்கு வந்தார். "வெள்ளனே வச்சு வெரசா முடிச்சிருங்க சார். ரெண்டாம் ரூம்புல ஒண்ணு குட்டி போட்டுக் கெடக்கு, தண்ணி பாக்கணும்."

"பயமா இருக்கா?"

"கடிக்கு என்ன சார் பயம். இது போச்சுன்னா பேத்துப்பாறையில கேரட்டுப் புடுங்கப் போவேன். மழையில நிக்கணும், நின்னுக்கலாம். இதுகள யாரு பாப்பா? அந்தத் தம்பியா?"

எனக்குத் தலை நிமிரவில்லை. நான் செய்ததெல்லாம், நேரத்தைப் பத்து மணியிலிருந்து ஒன்பதரை என்று திருத்தி எழுதியதுதான்.

மறுநாள் பயிற்சிக் கூடத்தில் சோப்பு, தண்ணீர், பஞ்சு, மூன்று நகல் படிவம் எல்லாம் தயார். ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்கக் கேமராக்காரர் வந்திருந்தார். முன் வரிசையில் குழு உறுப்பினர்கள், கையில் தேநீரும் வடையும். முனியாயி நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை மேஜை மேல் நீட்டினார். அழகம்மாள் மேடம் எதிரில் வந்து குனிந்தார். வாயைத் திறந்தார்.

முனியாயிக்கு ஆறு வருடப் பழக்கம். எதிரில் ஒரு உயிர் வெடவெடத்தால் கை தானாகப் போகும். நீட்டிய கை மேடத்தின் மணிக்கட்டுக்கு அடியில் போய் ஏந்திக்கொண்டது. மற்ற கை தோளுக்குப் பின்னால் போய் அழுத்தாமல் நின்றது.

"மேடம், மூச்சு வாங்குதே. படியேறியா வந்தீங்க?"

திறந்த வாய் திறந்தபடி இருந்தது. பிறகு மூடிக்கொண்டது. "மூட்டுவலி" என்றார் மேடம்.

"எந்தக் காலுங்க?"

"ரெண்டும்."

"வீட்ல யாரும் எண்ண தேச்சு விடுறாகளா?"

மேடம் அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. இருபத்தெட்டு வருடத்தில் கால் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை என்றார். கேட்டிருக்க முடியாது; நாங்கள் யாரும் அவர் காலைப் பார்க்கும் அளவுக்கு அறையில் நின்றதில்லை. முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். முனியாயி கையை எடுக்கவே இல்லை. முடிவில் மேடம் சிரித்து ஒரு தேநீர் கேட்டார். கேமராக்காரர் சிரிப்பைத்தான் படம் எடுத்தார். அது ஆண்டறிக்கைக்கு ஆகவில்லை.

படிவத்தில் 'கடி ஏற்படவில்லை' என்று எழுதினேன். இயக்குநருக்கு முதலில் ஆத்திரம் வந்தது. ஒரு எலியைத்தான் கெடுத்தாள் என்று பார்த்தால் ஒரு கண்காணிப்பாளரையும் கெடுத்துவிட்டாள் என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறை ரொம்ப நேரம் துடைத்தார்.

எங்கள் இயக்ககத்துக்குக் கொடைக்கானலில் ஒரு குறைகேட்பு மையம் இருக்கிறது. திங்கள்தோறும் மலை முழுவதிலிருந்தும் ஜனங்கள் மனுவோடு வருவார்கள். காட்டுமாடு புகுந்து தோட்டத்தை மிதித்ததற்கு நிவாரணம், வராத பாதை, வந்து போன பாதை, வராத குடிநீர் என்று ஆயிரம் இருக்கும். மூன்றாவது வாரத்திலேயே அவர்களுக்குப் பொறுமை போய்விடும். முந்தின மாதம் ஒரு விவசாயி, மாடு மிதித்த கேரட்டை ஒரு மூட்டை கொண்டுவந்து அதிகாரி மேஜை மேல் கொட்டிவிட்டார். அதிகாரிகள் ஹெல்மெட்டோடு உட்காரலாமா என்று கேட்டுத் தலைமைக்கு எழுதியிருந்தார்கள்.

இயக்குநர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'இப்பணியாளருக்குக் கடிபடும் தகுதி இல்லாமையால் சான்றிதழ் வழங்க இயலவில்லை. எனினும் இவரது கைவசத்தில் எதுவும் கடிப்பதில்லை என்பது நிரூபணமாகியிருப்பதால், கடி அதிகமுள்ள இடத்தில் இவரைப் பயன்படுத்திக்கொள்வது பொதுநலனுக்கு உகந்தது.' நான்கே நாளில் உத்தரவு வந்துவிட்டது. ஹீட்டருக்கு இந்த வேகம் வந்ததில்லை. ஒன்றாம் தேதி முதல் முனியாயி குறைகேட்பு மையத்தில், அதே தினக்கூலியில். எலி அறைச் சாவி, நிரந்தரப் பணி நியமனத்தோடு சிவமுருகனிடம் போயிற்று.

திங்கட்கிழமை மையத்தின் வாசலில் முனியாயி நிற்பார். கொதித்துக்கொண்டு வருகிறவரின் கையை வெதுவெதுப்பான கையால் ஏந்திக்கொள்வார். எந்த ஊரு, சாப்பிட்டீங்களா, எந்தப் பஸ்ஸுக்கு வந்தீங்க என்பார். உட்காரவைத்துத் தேநீர் கொடுப்பார். வந்தவர் மனுவைக் கொடுத்து ரசீதை வாங்கிக்கொண்டு சாந்தமாகப் போய்விடுவார். இரண்டே மாதத்தில் மையத்தில் சத்தம் ஓய்ந்தது. சத்தம் இல்லை என்றால் குறை இல்லை என்று கணக்கிட்டு மையத்துக்கு ஒரு விருது கொடுத்தார்கள். தாரணி வந்து பார்த்துவிட்டு, இத்தனை பேர் கட்டணமில்லாமல் மௌனமாக இருப்பதைக் கண்டு கொஞ்சம் வருத்தப்பட்டார்.

பிற மாவட்ட அதிகாரிகள் இதைக் கற்றுக்கொள்ள வரத் தொடங்கினார்கள். அவர்களுக்கும் செய்முறைப் பயிற்சி என்று முடிவாயிற்று. பயிற்சி என்றால் கையேடு வேண்டுமே. பழைய கையேட்டைக் கம்ப்யூட்டரில் திறந்து, 'எலி' என்று வருகிற இடத்திலெல்லாம் 'மனுதாரர்' என்று மாற்றும்படி இயக்குநர் எனக்கு உத்தரவிட்டார். அரை நிமிட வேலை. மனுதாரரை வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. மனுதாரரைக் குளிர்ந்த கையால் தொடலாகாது. ஒரு மனுதாரர் மிரண்டால் மற்ற மனுதாரர்களும் மிரளுவார்கள், எனவே அவரை உடனே தனிக் கூண்டுக்கு மாற்றுக. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. தீனி, குடிநீர், இருப்பிடம், வெப்பம், நோய் கண்டறிதல் ஆகிய ஐந்து அத்தியாயங்கள் மட்டும் பொருந்தவில்லை என்று இயக்குநர் நீக்கச் சொன்னார். நீக்கினேன். தொண்ணூற்றாறு பக்கத்தில் அடக்கமாக வந்தது.

அச்சாகி வந்த வாரம் முனியாயி அந்தப் புத்தகத்தோடு எங்கள் நிலையத்துக்கு வந்தார்.

"சார், இதுல பாதிப் பக்கத்தக் காணோம்."

"எந்தப் பாதி?"

"அமத்துனதுக்கு அப்பறம் செய்ய வேண்டிய பாதி."

நான் மேஜை மேலிருந்த கோப்பை அடுக்கினேன்.

"எலிய அமத்திட்டு அப்பிடியே விட்டா அது செத்துப் போகும் சார். அமத்துறதே தீனி வைக்கத்தான், காயத்தப் பாக்கத்தான். இவுங்கள நான் அமத்தி அமத்தி வீட்டுக்கு அனுப்புறேன். அடுத்த திங்கக்கெழம அதே மனுசன் அதே மனுவோட வர்றாரு. நான் கையப் புடிக்கிறேன். போன வாரத்துக்கு இந்த வாரம் கை மெலிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாதா? நான் பாத்துட்டு டீ குடுக்குறேன்." கையிலிருந்த புத்தகத்தை என் மேஜை மேல் வைத்தார். "எனக்கு இது வேணாம் சார். என்னைய எலி ரூம்புக்கே விட்டுருங்க. நான் மனு எழுதிக்கிட்டு வந்திருக்கேன். யாருகிட்டக் குடுக்கணும்?"

"விதிப்படி திங்கட்கிழமை குறைகேட்பு மையத்துலதான் குடுக்கணும்."

"அங்க நான்தான சார் நிக்கிறேன்."

 அவர் மனுவை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குப் போனார். எலி அறைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். உள்ளே சிவமுருகன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அக்கிரமம் என்று பட்டது. படப்பட எனக்கு நடந்த அக்கிரமமும் ஞாபகம் வந்தது. பதினான்கு வருடமாக ஒரே நாற்காலி, எனக்கு அப்புறம் சேர்ந்தவர்களுக்கெல்லாம் பதவி உயர்வு. இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முனியாயியின் மனுவை நானே பலமாகத் திருத்தி எழுதினேன். அதன் கீழே என் மனுவையும் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை விடுப்புப் போட்டுக் கிளம்பினேன். அதிகாரியின் மேஜையைப் புரட்டிப் போடுவதாகத்தான் உத்தேசம். வாசலில் முனியாயி நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். கை தானாக வந்தது.

"என்ன சார், காலையில சாப்புடலையா? கை இப்பிடிச் சில்லுனு இருக்கு."

உட்கார்ந்தேன். அந்தக் கையின் சூடு நன்றாக இருந்தது. தேநீரில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். எத்தனை மனு கொண்டுவந்தேன் என்பதே மறந்துவிட்டது. ஒன்றுக்குத்தான் ரசீது வாங்கினேன், அது என்னுடையது. அடுத்த திங்களும் போகலாம் என்றிருக்கிறேன். கூட்டம் இருக்கும்தான், ஆனால் யாரும் முண்டியடிப்பதில்லை. அன்றைக்கு வரிசையில் எனக்கு முன்னால் அமைதியாக நின்றுகொண்டிருந்தவரைக்கூட எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. நீங்கள்தான் என்று நினைக்கிறேன்.